பதினொன்றாம் எண்ணுக்கு நான் இட்ட குறிப்பு

அன்புள்ள அருளுக்கு,

கடிதத்தின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்குவது நம் வீட்டு வழக்கம். உன் அப்பா பால்காரருக்கு எழுதி வைக்கும் துண்டுச் சீட்டில்கூடப் போடுவார். இதில் நான் போடவில்லை. ஏன் என்பதை நீயே படித்துத் தெரிந்துகொள்வாய். நீ தஞ்சாவூரில் நண்பனின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றுகொண்டிருப்பாய். ஞாயிறு மாலைதான் வருவாய். நான் இங்கே இரண்டாவது மாடியில், மின்விசிறிக்குத் தாள் பறக்காமல் பால் செம்பை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நீ நினைக்கலாம். நேரில் சொல்லிவிட மூன்று வாரமாக முயன்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறாய். அப்படிக் கேட்கிற பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தேனானால் நான் தப்பித்துவிடுவேன், அது எனக்குக் கைவந்த கலை. நூலகர்கள் புத்தகப் பதிப்பைக் கற்றுக்கொள்வதற்காகத் தி. நகரில் ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் தருகிறதே, அந்த உதவித்தொகைக்கு, நல்கைக்கு, நீ விண்ணப்பித்தாய். பத்து மாதம் கொல்கத்தாவில் பதிப்பகங்களில் தங்கி, கைப்பிரதியைத் திருத்துவது, மெய்ப்புப் பார்ப்பது, பக்கம் அமைப்பது, அச்சுக்கு அனுப்புவது, விற்பது எல்லாம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு. உனக்குக் கிடைக்கவில்லை. அதைக் கிடைக்காமல் செய்தது நான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த அறக்கட்டளை என்னை மதிப்பீட்டாளராக வைத்துக்கொண்டது உனக்குத் தெரியாது. மூன்று மதிப்பீட்டாளர்கள், ஒருவர் யார் என்பது மற்றவருக்குத் தெரியாது, வீட்டிலும் சொல்லக் கூடாது. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், ஒளிக்கவில்லை. நாள் முழுக்க நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு ஒரு ரகசியம் கிடைத்தால் அது பெரிய சொத்து. நீ வேலைக்குப் போன பிறகு தபால்காரர் கீழே நின்று குரல் கொடுப்பார், நான் காய்கறிக் கூடையைக் கயிற்றில் இறக்குவேன், விண்ணப்பக் கட்டு கத்தரிக்காய் மாதிரி மேலே ஏறி வரும். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, எண் மட்டும். நீ வருவதற்குள் படித்து முடித்து பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துவிடுவேன். அந்த நாட்களில் நீயும் கிளை நூலகத்துக் கணினியில் உன் விண்ணப்பத்தை எழுதி, அங்கேயே அச்செடுத்து, அந்த முகவரியையே கொடுத்து அனுப்பியிருக்கிறாய். இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டிருக்கிறோம். நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

இந்த ஆண்டும் விண்ணப்பங்களைப் படிக்கத் தொடங்கும்முன் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பித்தவர்களில் எனக்கு உறவினர் யாரும் இல்லை என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் எனக்குத் தெரிந்தவரை அது உண்மை. பெரும்பாலான விண்ணப்பங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பேன், அறிவுச் சமுதாயத்தை உருவாக்குவேன் என்று முழங்கியிருந்தார்கள். எந்தப் புத்தகத்தை, யாருக்காக என்று ஒருவரும் சொல்லக் காணோம். கொட்டாவி விட்டுக்கொண்டே பத்தைத் தாண்டினேன். பதினொன்றாவது வேறு மாதிரி தொடங்கியது. நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கும் கஸ்தூரி என்ற பெண் நூலகத்துக்கு வந்து கேட்டதை அப்படியே எழுதியிருந்தது. "சக்கர வந்தவங்க இன்னா துன்னலாம்னு பெரிய எழுத்துல எதுனா பொஸ்தகம் கீதா சார்? நம்ம வூட்ல கீற மீனு, சோறு இத வச்சே சொல்ற மாரி." நூலகத்தில் சர்க்கரை நோய் பற்றி ஏழு புத்தகங்கள் இருந்தன, எல்லாவற்றிலும் ஓட்ஸும் அந்தப் பெண் கண்ணால் கண்டிராத காய்களும் பொடி எழுத்தில் இருந்தன, அவளுடைய வீட்டுச் சட்டியில் இருப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு அடுத்த வரியில், அந்தக் கேள்வியை எங்கள் 'இல்லை' நோட்டில் எழுதி வைத்தேன் என்று இருந்தது.

அங்கே என் கை நின்றுவிட்டது. இல்லை நோட்டு என்ற பெயர் இந்தச் சென்னையில் இரண்டே இரண்டு நூலகங்களில்தான் புழங்கியிருக்கிறது, ஒன்று என்னுடையது, ஒன்று உன்னுடையது. கான்வென்ட் பள்ளியில் நான் நூலகராகச் சேர்ந்த புதிதில், பிள்ளைகள் கேட்டு நம்மிடம் இல்லாத புத்தகங்களை எழுதி வைக்க ஒரு நீள நோட்டுப் போட்டேன். கடையில் கிடைப்பவை ஒரு பக்கம், உலகத்திலேயே யாரும் இன்னும் எழுதாதவை எதிர்ப் பக்கம். தலைமைச் சகோதரிக்கு அது பிடிக்கவில்லை. இருப்பதை எழுதவே பதிவேடு போதவில்லை, இல்லாததை ஏன் எழுதுகிறீர்கள் என்பார். உனக்கு அப்போது ஒன்பது வயது. உன் பள்ளி விட்டதும் என் நூலகத்துக்கு வந்து, நான் கதவைப் பூட்டும்வரை கடைசி பெஞ்சில் காத்திருப்பாய். ஒருநாள் நான் பார்க்காத சமயம் அந்த நோட்டை எடுத்து எதிர்ப் பக்கத்தில் உன் கோணல் எழுத்தில் எழுதி வைத்தாய்: அம்மாவைச் சீக்கிரம் வீட்டுக்கு அழைத்துப் போவது எப்படி. சகோதரி அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். உன்னை அவ்வளவு நேரம் காக்க வைத்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

ஆக, பதினொன்றாம் எண் நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உறுதிமொழியில் நான் போட்ட கையெழுத்து அந்த நிமிடத்திலிருந்து பொய். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அறக்கட்டளையின் செயலாளர் அம்மாவுக்குப் போன் போட்டு, இதில் என் பிள்ளை இருக்கிறான், என்னை விடுவியுங்கள் என்று சொல்வது. போன் என் மடியில்தான் இருந்தது. நான் அதை எடுக்காமல் உன் விண்ணப்பத்தை முழுக்கப் படித்தேன். நோட்டின் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கேட்டவர்களையே உட்கார வைத்துச் சொல்லச் சொல்லி, பெரிய எழுத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். சனிக்கிழமை தோறும் கஸ்தூரியோடு உட்கார்ந்து முதல் புத்தகத்தை எழுதத் தொடங்கிவிட்டதையும், எழுதத் தெரிந்த உனக்கு அதைப் புத்தகமாக்கத் தெரியவில்லை என்பதையும் சொல்லியிருந்தாய். நான்கு ஆண்டில் நான் படித்த விண்ணப்பங்களில் இதற்கு ஈடு கிடையாது. எழுந்து நின்று உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்: பத்து மாதம், கொல்கத்தா.

நான் பயந்துவிட்டேன் அருள். இதற்கு மேல் நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. போன ஈஸ்டருக்குப் பிறகு நான் தனியாகப் படி இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு என்றால் நீயும் காவல்காரரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறீர்கள். நீ இல்லாத வீட்டில் அந்தக் கூடையும் கயிறும் நானும் பத்து மாதம் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். உடனே மனது எனக்கு ஒரு நல்ல சாக்கைத் தேடிக் கொடுத்தது. சொந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் அள்ளிப் போட்டேன் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது, ஆகவே கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றது. அந்தக் கண்டிப்பு எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது பார். எல்லாக் கட்டத்திலும் நடுத்தரமான மதிப்பெண் போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில், கனவு நல்லது, நடைமுறை அறிவு போதாது என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக விழுந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது கூசுகிறது.

இது முதல் தடவையும் இல்லை. உன் அப்பா இறந்துபோன அடுத்த ஆண்டு உனக்குக் கோயம்புத்தூர் கல்லூரி நூலகத்தில் வேலை வந்தது. அதே வாரம் என் முழங்கால் வீங்கியது. நீ இரண்டு நாள் யோசித்துவிட்டு, இங்கேயே கிளை நூலகத்தில் இருந்துவிடுகிறேன் என்றாய். அன்றைக்கு என் முழங்கால் நிஜமாகவே வலித்தது. ஆனால் நான் முனகிய அளவுக்கு வலிக்கவில்லை. உனக்கு அது அப்போதே தெரியும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்த முறை ஏன் என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விண்ணப்பித்தாய்? சொன்னால் மறுபடி முழங்கால் வீங்கும் என்று பயந்திருப்பாய். நீ என்னிடமிருந்து மறைத்துவைத்த விண்ணப்பம் நேராக என் மடியில் வந்து விழுந்தது உன் துரதிர்ஷ்டம்.

மறுப்புக் கடிதம் வந்த மாலையை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் மேசையில் உட்கார்ந்து, அப்போதுதான் முதல்முறையாக இந்த நல்கை, கொல்கத்தா எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாய். நான் புதிதாகக் கேட்கிறவள்போல் கேட்டுக்கொண்டேன். நடிப்பில் எனக்கு ஒரு பதக்கம் தரலாம். பிறகு நீ கடிதத்தைப் பிரித்து, மதிப்பீட்டாளர் குறிப்பை எனக்கு வாசித்துக் காட்டினாய். என் வாக்கியம் உன் வாயிலிருந்து வந்தது. "நடைமுறை அறிவு போதாதாம்மா. யாரோ வயசானவங்க, அனுபவப்பட்டவங்களாத்தான் இருக்கும். சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க," என்றாய். கோபமே இல்லை உன் குரலில். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். பால் பொங்கவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா என்பது எனக்கே சந்தேகம். நீ அந்த வாக்கியத்தை நம்பிவிட்டாய். சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருக்க ஆரம்பித்தாய், மதியம் தூங்கினாய், டாக்டர் சொன்ன எண்ணெயை என் காலுக்குத் தேய்த்துவிட்டாய். உன் கை என் முழங்காலில் இருக்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருக்கும், ஓட முடியாதே. ஒரு புதன்கிழமை கஸ்தூரி நம் தெருவுக்கே வந்துவிட்டாள். நான் இறக்கிய கூடையில் சங்கரா மீனை வைத்துவிட்டு, கீழே நின்றபடி அண்ணாந்து கேட்டாள். "தம்பி இன்னாம்மா சனிக்கெயமையில வர்றதே இல்ல? நானு சொல்லச் சொல்ல எய்திக்கினு இருந்துச்சு, பாதில நிக்குது. நானு எதுனா தப்பா சொல்லிட்டனா?" உனக்கு வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் தன்மேல் தப்பு என்று நினைக்கிறாள், நீ உன்மேல் தப்பு என்று நினைக்கிறாய். தப்புச் செய்தவள் மாடியில் நின்று மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மாதத்தின் முதல் வெள்ளிக்குச் சாமியார் நற்கருணை அப்பத்தோடு எனக்கு நன்மை கொடுக்க வந்தபோது நடந்ததும் இதனால்தான். நீ மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். இப்போதுதான் இட்லி சாப்பிட்டேன் சாமி, வெறும் வயிறாக இல்லை, இன்றைக்கு வேண்டாம் என்றேன். உங்கள் வயதுக்கு அதெல்லாம் பார்க்க வேண்டாம் என்று அவர் சிரித்தார். இந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது என்றுதான் நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், ஏனென்றால் அன்று காலை நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு பொய்யை மறைக்க நற்கருணைக்கு முன்னாலேயே இன்னொரு பொய் சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன். நீ கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுச் சாமியாருக்குக் காபி கலக்கப் போனாய்.

இதற்கிடையில் தி. நகரிலிருந்து செயலாளர் அம்மா போன் செய்தார். தேர்வான ஒருவர் போக முடியாது என்று சொல்லிவிட்டாராம். பதினொன்றாம் எண்ணுக்கு மற்ற இரண்டு மதிப்பீட்டாளர்களும் முதலிடம் கொடுத்திருக்கிறார்கள், என்னுடைய மதிப்பெண்தான் கீழே இழுத்துவிட்டது, மறுபடி ஒருமுறை பார்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு இரண்டு நாள் தவித்தேன். மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டால் பெற்ற பிள்ளைக்குத் திருட்டுத்தனமாக இடம் வாங்கிக் கொடுத்தவள் ஆவேன், அது என்றைக்காவது வெளியே வந்தால் உன் தலையில் விடியும். முடியாது என்றால் உன்னை இரண்டாம் தடவை அடைத்துப் பூட்டியவள் ஆவேன். உண்மையைச் சொன்னால் விதி இருக்கிறது: மதிப்பீட்டாளரின் உறவினர் விண்ணப்பம் செல்லாது. எந்தக் கதவைத் தள்ளினாலும் அது உன்மேல்தான் சாய்ந்தது. கடைசியில் நேற்று, நீ பேருந்து ஏறிவிட்டேன் என்று சொன்ன பிறகு, அவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோயம்புத்தூரை மட்டும் சொல்லவில்லை, அது நமக்குள் இருக்கட்டும்.

  அவர் முதலில் விதியைச் சொன்னார். உன் விண்ணப்பம் செல்லாது. ஆனால் அதற்குக் கீழேயே ஓர் உட்பிரிவு உண்டாம். உறவு தெரிந்தும் மதிப்பீட்டாளர் மறைத்து, அதனால் விண்ணப்பதாரருக்குக் கெடுதல் நேர்ந்திருந்தால், விண்ணப்பதாரர் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் விண்ணப்பம் செல்லும், அந்த மதிப்பெண்ணை நீக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டு மதிப்பிடுவார்கள். நானே எழுதித் தருகிறேன் என்றேன். "நீங்க எழுதினா அது உங்க வருத்தம்மா. உங்க பையன் எழுதிக் கொடுத்தாத்தான் அது புகார்," என்றார். புதன்கிழமைக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே, உட்கார்ந்து என்மேல் புகார் எழுது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தாளும். உன்னை எனக்குத் தெரியும், நீ எழுத மாட்டாய். போகட்டும்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டு எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வருவாய். தயவுசெய்து அப்படி வராதே. நீ என்னை மன்னிக்கிற ஒவ்வொரு தடவையும் இந்த வீட்டின் கதவில் இன்னொரு தாழ்ப்பாள் ஏறுகிறது. என் கால் எவ்வளவு வலிக்கிறது என்று இந்த முறை கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்: படி இறங்க முடியாது, சமைக்க முடியும், குளிக்க முடியும், கதவு வரை நடக்க முடியும். கீழ் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் பேசிவிட்டேன், காலையும் மாலையும் மேலே வந்து எட்டிப் பார்ப்பாள். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. பயம் என்னுடையது, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

புகார் கோப்பில் ஏறும். நூலகர்கள் வட்டாரம் சின்னது, ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கான்வென்ட்டில் எனக்கு விடைகொடுத்தபோது நேர்மை, நேர்மை என்று பேசினார்களே, அவர்கள் காதுக்கும் போகும். போகட்டும். நீ அதை நினைத்து வார்த்தையைக் குறைக்காதே. வயதானவர், உடல்நலம் இல்லாதவர், அறியாமல் செய்துவிட்டார் என்றெல்லாம் எழுதி வைக்காதே. அறிந்துதான் செய்தேன், தேதியோடு எழுது. முதலிடம் பெற வேண்டிய விண்ணப்பத்தை மதிப்பீட்டாளர் தன் சொந்தக் காரணத்துக்காகத் தாழ்த்தினார் என்று ஒரே வாக்கியத்தில் எழுது. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மரியாதைக்குரிய, அன்பான என்ற அடைமொழி எதுவும் வரக் கூடாது. படிவத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் தாய் என்று போடு. மற்ற இடம் எல்லாவற்றிலும் மதிப்பீட்டாளர் என்றே எழுது.

இப்படிக்கு,
அம்மா